பச்சை விளக்கு எரியவில்லை என்றார் பூஷணம் அக்கா

ஒரு கம்ப்யூட்டரின் பவர் பட்டனைக் கழற்றிவிடச் சொல்லி என்னிடம் கேட்டது இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஊர்தான். நானும் கழற்றிக் கொடுத்தேன்.

பிள்ளைகளா, பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வீட்டில் ஒருவர் பார்க்கும் வேலை' என்று எழுதி வரச் சொன்னார்கள் என்று கேட்டீர்கள். நான் இரண்டு கதை சொன்னேன். புயல் அடித்த மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கேபிள் இழுத்தது ஒன்று. வங்கியின் கம்ப்யூட்டரை அரை மணி நேரத்தில் சரிசெய்தது இன்னொன்று. இரண்டிலும் உங்கள் நைனா கெட்டிக்காரன். நீங்களும் அப்படியே எழுதி, டீச்சரிடம் நல்ல பேர் வாங்கினீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அதனால் இதையும் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது தாண்டாதவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

1. பட்டன்

தோணிரேவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரிக்கரை ஊர். பேர் வேண்டாம். நாம் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலைப் பார்த்துக் குடியிருப்பதால் உங்களுக்கு ஏரித்தொழில் அவ்வளவாகத் தெரியாது. ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்தக் குடும்பம், எந்த நாள், எந்த இடம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பேர். மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து இறால் ஓடும் நாட்களில் ஒரு குடும்பத்துக்கு நல்ல இடத்தில் ஒரு பாடு விழுந்தால், வீட்டில் தள்ளிப்போட்டு வைத்த காரியமெல்லாம் நடக்கும். தவறினால் அடுத்த சுற்று வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்த ஊரில் பாடு எழுதிய பட்டியல் நோட்டில் இருந்தது. ஒரு வருஷம் இரண்டு நோட்டு ஆகிவிட்டது. இரண்டிலும் வேறு வேறு வரிசை. ஏரி நடுவில் இரண்டு குடும்பம் ஒரே இடத்தில் வலையோடு நின்று, துடுப்பைத் தூக்கிவிட்டார்கள். அதன் பிறகு பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. தேசராஜ் என்று ஒருவர் அந்த ஊரில் நன்றாக டைப் அடிப்பார். அவர் வீட்டில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தன. ஆனால் அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். சாவு, சடங்கு என்று பாடு மாறும்போதெல்லாம் அவர் வர முடியாது. வெளியூரில் இருந்தே வீட்டு மெஷினை எழுப்பி, பட்டியலைத் திருத்தி, பிரிண்ட் எடுக்க வழி உண்டா என்று கேட்டுப் பழவேற்காடு பஜாரில் என் கடைக்கு வந்தார்கள்.

வழி உண்டு. வேக்-ஆன்-லேன் என்பார்கள். ஆஃப் ஆன கம்ப்யூட்டரும் முழுசாகத் தூங்குவதில்லை. லேன் கேபிள் மாட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ரௌட்டர் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துவிடும். ரௌட்டரைத் தேசராஜ் தன் போனில் இருந்து ஆப் வழியாகத் தட்டுவார். ரௌட்டர் மெஷினைத் தட்டும். எழுந்த பிறகு அதன் திரை அவர் போனில் தெரியும், அங்கிருந்தே திருத்திப் பிரிண்ட் கொடுக்கலாம்.

தேசராஜ் வீட்டு வாசலில் கூடிப் பேசியபோது, பட்டியலைப் போனிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நான்தான் சொன்னேன். ஊர்த் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"போனுல வெச்சா அது அவன்கூட ஊரு ஊராச் சுத்தும். பட்டியலு ஊர்லதாம்பா தூங்கணும்."

"அப்போ மெஷினுக்கு பாஸ்வேர்டு போட்டுர்றேன் தலைவரே. தேசராஜண்ணாவைத் தவிர யாராலயும் திறக்க முடியாது."

"அவனுக்குத் தெரிஞ்சது அவன் பொண்டாட்டிக்குத் தெரியாதா? என் ஜோப்புல இன்னா கீதுன்னு என்னைவிட எம்பொண்டாட்டிக்கு நல்லாத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். தேசராஜின் மனைவி நாகபூஷணம். ஊரில் பூஷணம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் உள்ளே இருந்து குரல் கொடுத்தார்.

"ஆமா, எனக்கு வேற பொழப்பு இல்ல. மீனைக் காயப்போட்டுட்டு உங்க கம்ப்யூட்டர் முன்னாடிதான் வந்து குந்தப் போறேன்."

"தமாசு இல்ல பூஷணம். உங்க குடும்பமும் பட்டியல்ல கீது. நாளைக்கு ஒருத்தன் வாய் திறக்கக் கூடாது, அதுக்காகச் சொல்றேன்."

அப்படித்தான் பட்டனைக் கழற்றும் யோசனை வந்தது. வீட்டில் யாரும் அதை ஆன் பண்ணவே முடியாது. தேசராஜ் கூப்பிட்டால் மட்டும் எழும். ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. சிபியுவைத் திறந்து முன்பக்கப் பட்டனின் ஒயரை மதர்போர்டில் இருந்து உருவிவிட்டேன். பட்டன் இருந்த ஓட்டையில் டேப் ஒட்டினேன். பூஷணம் அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "வீட்டுக்குள்ள ஒரு சாமான், வீட்டுக்காரி தொடக் கூடாது. நல்லா கீது நியாயம்" என்றார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தது அவர்தான்.

2. எழும்பாத மெஷின்

முதல் தடவை எழும்பவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். உங்களில் யாராவது இந்த வேலைக்கு வந்தால் தேவைப்படும் என்று எழுதுகிறேன்.

ஒவ்வொரு மெஷினுக்கும் மேக் அட்ரஸ் என்று ஒரு நம்பர் உண்டு. ரௌட்டர் கூப்பிடும் பேர் அதுதான். நான் அவசரத்தில் வைஃபையின் நம்பரை எழுதிவிட்டேன். கூப்பிட வேண்டியது கேபிள் மாட்டிய லேன் போர்ட்டின் நம்பரை. பிறகு விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று. அது ஆனில் இருந்தால் மெஷின் அரைகுறையாகத் தூங்கும், கூப்பிட்டால் கேட்காது. அதையும் நிறுத்தினேன். கடைசியாகப் பயாஸ் என்கிற இடத்துக்குப் போய், மிச்ச கரண்டையும் நிறுத்தும் செட்டிங்கை எடுத்துவிட்டு, லேன் வழியாக எழுப்பும் செட்டிங்கைப் போட்டேன்.

அப்போதுதான் சிபியுவின் பின்னால், கேபிள் மாட்டிய இடத்தில், மெஷின் ஆஃபில் இருக்கும்போதே சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அது எரிந்தால் காது திறந்திருக்கிறது என்று அர்த்தம். கும்மிடிப்பூண்டியில் இருந்து தேசராஜ் போனைத் தட்டினார். இங்கே ஃபேன் சுற்றி, திரை வெளிச்சமாயிற்று. வாசலில் நின்றவர்கள் 'ஹோ' என்றார்கள்.

"அவன் அங்க தும்மினா இது இங்க எழுந்துக்குதுடா!" என்றார் தலைவர்.

பூஷணம் அக்கா பின்னால் குனிந்து பார்த்தார். "பல்லி கண்ணு மாதிரி மின்னுதே, இன்னா தம்பி அது?"

"அதுதான்க்கா இதுக்கு உசுரு. அது எரியுற வரைக்கும் பிரச்சினை இல்ல."

நான்தான் சொன்னேன். என் வாயால்.

கிளம்பும்போது ஒன்று கவனித்தேன். கம்ப்யூட்டரின் கடிகாரம் இருபது நிமிஷம் பின்தங்கி இருந்தது. மதர்போர்டில் நாலணா அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாற்றுவது அதுதான். கடிகாரம் பின்தங்கினால் பேட்டரி சாகப்போகிறது என்று இந்தத் தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரியும். கையில் புதுப் பேட்டரி இல்லை. அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று நேரத்தை மட்டும் திருத்திவிட்டு வந்தேன். மறுநாளே பேட்டரி எடுத்துப் பையில் போட்டேன். அது மூன்று வாரம் பையிலேயே கிடந்தது. கரண்டைப் பிடுங்கி, மறுபடி மாட்டி, எழும்புகிறதா என்று ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். அதையும் நான் பார்க்கவில்லை.

3. வெள்ளிக்கிழமை

இறால் சுற்று தொடங்குவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். பத்து மணிக்குப் பட்டியலைப் படிக்க வேண்டும். எட்டரைக்குத் தேசராஜ் போன் செய்தார்.

"தம்பி, எழும்ப மாட்டேங்குது. நாலு வாட்டி தட்டிட்டேன். நான் ஷிப்டுக்கு உள்ள போவணும், போனை வெளியில வெச்சுடுவேன். நீ போய்ப் பாரு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். போவதற்குள் தேசராஜ் வீட்டு வாசலில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

"வாப்பா டாக்டரு. உன் மெஷினு தூங்குதா, செத்துப்புடுச்சா?" என்றார் ஒருவர்.

"ஊர்ல நோட்டு போதும்னு அப்பவே சொன்னேன். நோட்டுக்கு ஏது தூக்கம்?" என்றார் இன்னொருவர்.

சோதனைக்காக என் போனிலும் வைத்திருந்த ஆப்பில் இருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். ரௌட்டருக்குத் தனியாக பேட்டரி பேக்கப் வைத்திருந்ததால் அது நன்றாக இருந்தது; 'அனுப்பப்பட்டது' என்று காட்டியது. மெஷின் அசையவில்லை.

பூஷணம் அக்கா கதவோரம் வந்து நின்றார். "தம்பி, நேத்து சாயங்காலம் மழையில கரண்ட் போச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் வந்துச்சு. வந்த பிறகு பின்னாடி அந்தப் பச்ச லைட்டு எரியல. அப்பவே பார்த்தேன்."

பிள்ளைகளா, இந்த வரியை மறுபடி படியுங்கள். எப்போது போனது, எவ்வளவு நேரம், அதற்குப் பிறகு என்ன மாறியது, எல்லாம் இதில் இருக்கிறது. என் தொழிலில் இதைவிடச் சரியாக ஒருவரும் எனக்குக் கோளாறு சொன்னதில்லை. நான் அவர் சொன்னதை அரை நிமிஷம் யோசித்திருந்தால் போதும். ஆனால் டாக்டரு என்று கிண்டல் செய்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோளாறு என்னுடையது இல்லை என்று காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் இருந்தது.

"கரண்ட் போனதுக்கெல்லாம் இப்படி ஆவாதுக்கா. யாராவது பின்னாடி கைய வெச்சாத்தான் ஆவும். நீங்க எதுக்குப் பின்னாடி போனீங்க?"

"பெருக்கப் போனேன். என் வீட்ல நான் பெருக்க உன்னைக் கேக்கணுமா?"

வாசலில் யாரோ மெதுவாக, "பெருக்கப் போனாங்களாம்" என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

4. எஃப்-1

சிபியுவைத் திறந்தேன். பட்டன் ஒயர் மாட்டும் இரண்டு ஊசியை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டால் மெஷின் ஆன் ஆகும். ஆயிற்று. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது: தேதியும் செட்டிங்கும் அழிந்துவிட்டன, தொடர எஃப்-1 விசையை அழுத்தவும்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் போனதும் நான் போட்ட செட்டிங் எல்லாம் பறந்துவிட்டது. லேன் போர்ட்டுக்குப் போகும் கரண்ட் நின்று, பச்சை விளக்கு அணைந்துவிட்டது. அந்தக்கா எதையும் தொடவில்லை. அந்த எழுத்து இங்கிலீஷில் இருந்தது. என் பின்னால் நின்ற யாரும் அதைப் படிக்கவில்லை. நான் எஃப்-1 அழுத்தினேன். எழுத்து மறைந்தது.

தலைவர் பக்கத்தில் நிற்கப் பட்டியலைத் திறந்து பிரிண்ட் எடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழே பார்த்தார். அடியில் தேதி இருந்தது.

"இது இன்னாடா? பத்து வருஷத்துக்கு முந்தின தேதி போட்டுகீது?"

கடிகாரம் அழிந்தால் மெஷின் பழைய தேதிக்குப் போய்விடும். ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். "தேதி அப்புறம் திருத்திக்கலாம் தலைவரே, பேரெல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

பேரெல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் முறைப்படி தேசராஜ் குடும்பத்துக்கு நல்ல இடத்தில், ஒன்பதாம் நாள் பாடு விழுந்திருந்தது. அது போதுமாக இருந்தது.

"அதான் பார்த்தியா" என்றார் ஒருவர். "தேதிய மாத்தியிருக்காங்கன்னா வரிசைய மாத்த எவ்வளவு நேரமாவும்?"

தலைவர் நல்ல மனுஷன். "பூஷணம், கைய வெக்கலைன்னு கோயில்ல ஒரு சூடம் ஏத்தி அணைச்சுடு. பேச்சு முடிஞ்சு போவட்டும்" என்றார்.

"தப்பு பண்ணவங்க அணைக்கட்டும். நான் எதுக்கு அணைக்கணும்?"

அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பார்த்தே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். தேசராஜ் குடும்பத்துப் பாட்டை இந்தச் சுற்றுக்கு நிறுத்துவது, ஒன்பதாம் நாளை வரிசையில் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கூட்டம் கலைந்தது.

இதற்கு மேல் எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. எல்லோரும் போன பிறகு, மூடியைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அங்கேயே இருந்தேன். பையில் கிடந்த புதுப் பேட்டரியை எடுத்து மாட்டினேன். பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செட்டிங்கைத் திரும்பப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. நிமிர்ந்தால் பூஷணம் அக்கா நிற்கிறார்.

"இன்னா மாத்தினே?"

"ஒண்ணும் இல்லக்கா. தூசி அடைச்சிருந்துச்சு, தட்டிவிட்டேன்."

அன்று அவர் டீ போடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

5. ஒன்பதாம் நாளும் அதற்குப் பிறகும்

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. பஜாரில் என் பேர் போய்விடும், ஏரிக்கரை ஊர் ஒன்றிலும் கூப்பிட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் ஏரிப் பக்கம் போகவில்லை. ஆனால் செய்தி பஜாருக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் அன்றைக்கு இறால் அப்படி விழுந்ததாம். வலை கட்டியது அடுத்த வீட்டுக்காரர்கள். தேசராஜ் லீவு நாளில் கரையில் நின்று பார்த்தாராம்.

செவ்வாய்க்கிழமை தேசராஜ் போன் செய்தார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, மெஷினு இப்போ ஒரே தட்டுல எழும்புது. உன்னைச் சொல்லிக் குத்தம் இல்ல. அவ கைய வெக்காம இருந்தா ஒழுங்கா ஓடுது பாரு. நான் அவகிட்டப் பேசறதையே விட்டுட்டேன்."

அதுவரைக்கும் நான் ஒரு பாடு போயிற்று என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை, அந்த ஊரில் தொழில் இல்லாத நாள். ஆண்கள் கூட்ட மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். போய் நின்று சொன்னேன். பேட்டரி, தேதி, எஃப்-1, எல்லாவற்றையும். பழைய பேட்டரியையும் எடுத்துக் காட்டினேன். அது கையிலிருந்து கைக்குப் போயிற்று.

"இத்தினியூண்டு சாமானா?" என்றார் தலைவர். பிறகு, "எங்க ஊர்க்காரனா இருந்தா உனக்குத் தண்டம் போட்டிருப்பேன். நீ வெளியூரு. உன்னைக் கேக்க எங்களுக்கு முறை இல்ல. போய் அந்தப் பொண்ணாண்ட சொல்லு."

"அவங்க பாட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க தலைவரே."

"எதைத் திருப்பறது? ஓடின இறாலையா? அடுத்த சுத்துல அவங்க பேரு தானா வரும். அது நீ குடுக்குறதில்ல, நானும் குடுக்குறதில்ல."

அவர் குரலில் என் மேல் கோபம் இல்லை. அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

பூஷணம் அக்கா வீட்டு வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டது போல. நிமிராமலே கேட்டார்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."

"எப்போ? எல்லாரும் போன பிறகா, எல்லாரும் நிக்கும்போதா?"

"நிக்கும்போதே தெரியும்க்கா."

மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேணாம். என் வீட்டுக்காரருக்குச் சொன்னியா?"

"இல்லக்கா. முதல்ல இங்க..."

"போனு போடு. நான் பக்கத்துல நிக்கும்போதே சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். தேசராஜுக்கு அன்று இரவு ஷிப்ட், அறையில் இருந்தார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். சொல்லி முடித்ததும், லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

பிறகு, "அவ அங்க கீறாளா?" என்று கேட்டார்.

"கீறாங்க."

"குடு."

பூஷணம் அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெயிலில் நின்றேன். உட்காரச் சொல்ல யாரும் இல்லை; சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கதவு திறந்தது. போனை நீட்டினார். அவர் கண் சிவந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை.

அந்த ஊரில் இப்போது வேறு ஒருவர் மெஷின் பார்க்கிறார். பஜாரில் பூஷணம் அக்காவைப் பார்த்தால் நான் வணக்கம் சொல்வேன். சில நாள் தலையை ஆட்டுவார். சில நாள் பார்க்காதது போலப் போவார். இரண்டுமே சரிதான்.

பிள்ளைகளா, பேட்டரி மாற்ற மறந்தது தொழிலில் நடக்கும். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஒரு கோளாறைப் பார்க்கப் போகும் இடத்தில் 'எனக்கு இன்னும் தெரியல' என்று சொல்வதில் கேவலம் எதுவும் இல்லை. அதைச் சொல்ல வாய் வராததால்தான், சரியாகச் சொன்ன ஒரு மனுஷியைப் அத்தனை பேர் முன்னால் குற்றவாளி ஆக்கினேன். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால், அதே ஆட்கள் கலைவதற்குள் சொல்லிவிடுங்கள். தனியாகப் போய்ச் சொல்வதும், தள்ளிப்போட்டுச் சொல்வதும் பாதிதான். நான் பதினாலு நாள் எடுத்துக்கொண்டேன். அந்தப் பதினாலு நாளும் அவர் அந்த ஊரிலேயேதான் தண்ணீர் பிடித்தார், மீன் காயப்போட்டார், ஞாயிற்றுக்கிழமை வந்தும் தன்னோடு பேசாத புருஷனுக்குச் சோறு வைத்தார்.